சால்மே போட்ட கண்ணிகள்

"இந்த வருஷம் உன் மோதிரம் வேணும்யா" என்றாள் சால்மே.

ஆர்வெட்டின் வாய்க்குள் போன உருளைக்கிழங்கு அங்கேயே நின்றுவிட்டது. முப்பது வருஷம் தலைநகர் தாலினுக்கு பஸ் ஓட்டிய மனிதர் அவர். மூடுபனியில் நடுரோட்டில் ஒரு கடமான் வந்து நின்று முறைத்தபோதுகூடத் தடுமாறாதவர். இப்போது அவருக்கு பிரேக்கும் பிடிக்கவில்லை, கியரும் விழவில்லை.

"எந்த மோதிரம்?"

"என்னய்யா கேள்வி இது? பத்து விரல்லயும் மோதிரமா போட்டிருக்கே? கல்யாண மோதிரம்."

"அது எதுக்கு?"

"சால்வை நுழைக்க."

ஹாப்சாலு ஊரில் ஒரு சால்வையைத் தொட்டுப் பார்த்து ஆஹா, ஓஹோ என்று சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். சால்வையின் ஒரு மூலையைக் கல்யாண மோதிரத்துக்குள் விட வேண்டும். இழுக்க வேண்டும். கட்டில்மேல் விரிக்கிற அளவு சால்வை முழுசும் மறுபக்கம் வந்து விழுந்தால்தான் அது சால்வை. நடுவில் சிக்கினால் அது வெறும் கம்பளி. சால்மேயின் சால்வை இருபது வருஷமாகச் சிக்கியதே இல்லை. ஆனால் அதெல்லாம் சால்மேயின் மோதிரத்தில் நுழைந்த சால்வைகள்.

"உன் மோதிரத்துக்கு என்ன கேடு?" என்றார் ஆர்வெட்.

"ஒரு கேடும் இல்ல. இந்தத் தடவை நான் பின்றது நம்ம கல்யாணச் சால்வை. அன்னிக்கு என் தலையில சுத்தியிருந்ததே மணிப்பூ, அதை அப்படியே நூல்ல கொண்டு வரப்போறேன். நடுவுல பூ, சுத்திலும் லேஸ் ஓரத்துல இலை. பாதிக் கல்யாணம் என் விரல்ல இருக்குன்னா மீதி உன் விரல்ல இருக்கு. அதுலதான் நுழையணும்."

"என்னுது பெரிய மோதிரம் சால்மே. யானையே நுழையும். ஊர் சிரிக்கும்."

"சால்வையும் பெருசுதான். சிரிக்கிறதா வேணாமான்னு விர்வே சொல்லட்டும்."

விர்வே என்ற பெயரைக் கேட்டதும் உருளைக்கிழங்கு தானாகவே உள்ளே இறங்கிவிட்டது. விர்வே, வருஷா வருஷம் சால்வைப் போட்டி நடக்கிற லேஸ் திருநாளின் தலைமை நடுவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள், ஆனால் இன்னும் ஓயாதவள். சில வருஷம் முன்பு யாரோ ஒருத்தி கல்யாண மோதிரம் என்று சொல்லித் திரைச்சீலை வளையத்தைக் கொண்டுவந்து நுழைத்துக் காட்டிப் பரிசும் வாங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் விர்வே ஒரு சட்டம் போட்டாள். மேடைக்கு வருகிற மோதிரத்தை முதலில் அவள் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி புருஷன் மோதிரத்தின் உட்புறம் பெண்டாட்டி பெயர் வெட்டியிருக்கும், பெண்டாட்டி மோதிரத்தில் புருஷன் பெயர். கூடவே கல்யாணத் தேதி. விர்வே அதை ஊர் கேட்க உரக்கப் படிப்பாள். பெயரும் தேதியும் இல்லாத வளையம் மேடை ஏறாது.

ஆர்வெட் மேஜைக்கு அடியில் தன் வலது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மோதிரம் பளபளவென்றுதான் இருந்தது. உட்புறம் மட்டும் மொழுமொழுவென்று ஒரு எழுத்தும் இல்லாமல் இருந்தது. ஏனென்றால் அது கல்யாண மோதிரமே இல்லை.

கல்யாண மோதிரம் வளைகுடாவுக்கு அடியில் கிடந்தது.

நடந்தது இதுதான். குளிர்காலத்தில் வளைகுடா உறைந்ததும் ஆர்வெட்டைக் கையில் பிடிக்க முடியாது. ஐஸைத் துளைக்கிற திருகை ஒரு தோளில், உட்காருகிற பெட்டியை இன்னொரு தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கால்யுவோடு கிளம்பிவிடுவார். கால்யு அவருடைய நாற்பது வருஷச் சிநேகிதன். துளை போட்டு, தூண்டிலை இறக்கி, பெட்டிமேல் உட்கார்ந்தால் உலகமே வேண்டாம். சால்மே அதற்குத் தடை சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். மார்ச் பிறந்தால் ஐஸ் இளக ஆரம்பிக்கும், அதன்மேல் கால் வைக்கக் கூடாது. அவளுடைய சித்தப்பா ஒருத்தர் மார்ச் மாத ஐஸில் போனவர், திரும்பி வரவில்லை. "மார்ச்சுல நீ போனது தெரிஞ்சுது, அன்னிக்கே உன் திருகும் பெட்டியும் இந்த வீட்டை விட்டுப் போயிடும். விளையாட்டுக்குச் சொல்லல" என்று சொல்லியிருந்தாள். ஆர்வெட்டும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

நாலு வருஷம் முன்பு, மார்ச் ஒன்பதாம் தேதி, சால்மே நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில், அவர் கால்யுவோடு போனார். மீன் வந்தது. கையுறையைக் கழற்றி அதைப் பிடுங்கப் போனார். குளிரில் சுருங்கியிருந்த விரலிலிருந்து மோதிரம் நழுவித் துளைக்குள் "ப்ளக்" என்று விழுந்தது. மீன் ஒரு பக்கம், மோதிரம் ஒரு பக்கம், இரண்டும் போயிற்று. அடுத்த மூன்று நாள் "ரொம்பக் குளிருது சால்மே, ரொம்பக் குளிருது" என்று சொல்லிக் கையுறையோடேயே சாப்பிட்டார். நாலாவது நாள் தாலின் சந்தையில் இந்த முலாம் பூசிய பித்தளை கிடைத்தது. இது நழுவக் கூடாது என்று ஒரு அளவு சின்னதாகவே வாங்கினார். அது விரலைப் பச்சையாக்கியது. மீன் பித்தம் பட்டதால் பச்சை என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

இப்போது மோதிரத்தைக் கொடுத்தால் மார்ச் ஒன்பது வெளியே வந்துவிடும். திருகு போய்விடும். திருகு போனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை வீட்டிலேயே உட்கார்ந்து சால்மே கண்ணி எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 

"கொடுக்கலாம்தான் சால்மே" என்றார். "ஆனா பாரு, கழல மாட்டேங்குது."

"எங்கே காட்டு."

இழுத்தாள். ஆர்வெட் விரலை உள்ளுக்குள் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். சோப்பு போட்டு இழுத்தாள். கொஞ்சம் அதிகமாக மடக்கினார். வெண்ணெய் தடவி இழுத்தாள். ஆர்வெட் "ஐயோ, அம்மா, விரலு, விரலு!" என்று கத்தியதில் கால்யு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கொலையா?"

"இல்ல, மோதிரம்" என்றாள் சால்மே. கையைத் துடைத்துக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "விரல் பெருத்துப் போச்சுய்யா. ஆள் பெருத்தா விரல் பெருக்காதா? சரி. லேஸ் திருநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஆளை இளைக்க வச்சா விரல் தானா இளைக்கும்."

அன்று மத்தியானம் ஆர்வெட்டின் தட்டில் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது. அதன்மேல் கொஞ்சம் சோம்புக்கீரை. பக்கத்தில் ஒரு தம்ளர் புளித்த பால்.

"இது என்ன?"

"சாப்பாடு."

"சாப்பாடு எங்கே?"

"அதுதான்யா இது."

பன்றி இறைச்சி போயிற்று. உருளைக்கிழங்கு போயிற்று. கறுப்பு ரொட்டிமேல் வெண்ணெய் தடவி அதன்மேல் உப்பு மீனை அடுக்கி, அதன்மேல் அவித்த முட்டையை வைத்து, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிற அந்தச் சுகமும் போயிற்று. சால்மே மட்டும் எதிரில் உட்கார்ந்து அதை நிதானமாகக் கடிப்பாள். "உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பாள் வாய் நிறைய. ஒரு நாள் ஆர்வெட், கால்யு மீனுக்குப் புகை போடுகிற கூண்டுப் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போனார். சுடச்சுட மீன் தொங்கிக்கொண்டிருந்தது. கால்யு ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்குள் வேலிக்கு மேலே சால்மேயின் தலை தெரிந்தது.

"கால்யு, அதை அவருக்குக் கொடுத்தே, அப்புறம் இந்த வருஷம் உன் பொண்டாட்டிக்கு நான் பின்னல் மாதிரி சொல்லித் தர மாட்டேன்."

கால்யு மீனைத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டார். ஆர்வெட் புகையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பசியில் மூளை நன்றாக வேலை செய்யும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். பித்தளையாக இருந்தால் என்ன? உள்ளே எழுத்து வெட்டிவிட்டால் முடிந்தது! விர்வே என்ன உரசியா பார்க்கப் போகிறாள்? படிக்கத்தானே போகிறாள்! ஒரு பெயர், ஒரு தேதி. அவ்வளவுதானே.

தேதி என்ற இடத்தில் யோசனை நின்றுவிட்டது. ஆர்வெட்டுக்குக் கல்யாணத் தேதி தெரியாது.

ஒரேயடியாகத் தெரியாது என்று சொன்னால் பாவம். கோடை என்று தெரியும். சால்மே நீலப்பழ கேக் செய்து மேஜைமேல் வைத்தால் அன்றைக்குக் கல்யாண நாள். உடனே ஓடிப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது. ஆனால் கேக் வருவதற்கு முன்பே லேஸ் திருநாள் வந்துவிடுமே!

கால்யுவைக் கேட்டார்.

"கால்யு, என் கல்யாணத்துக்கு நீ வந்தேல்ல?"

"வந்தேனே. செமத்தியான பீர்."

"என்னிக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"அந்த பீர் குடிச்சவனுக்கு எப்படிய்யா ஞாபகம் இருக்கும்?"

சரி, சால்மேயின் வாயிலிருந்தே வாங்கிவிடலாம் என்று தீர்மானித்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நூல் சிலந்தி இழை மாதிரி இருந்தது. மடியில் பாதிச் சால்வை கிடந்தது, கிடப்பதே தெரியாமல். மணிப்பூ கொத்துக் கொத்தாக, தலை குனிந்து, உண்மையாகவே பூத்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் ஒரு மொட்டு. ஏழு கண்ணியைச் சேர்த்து ஒரே கண்ணியாக இழுத்தால் ஒரு மொட்டு. அப்படி ஒரு வரிசைக்கு நாற்பது மொட்டு. ஆர்வெட்டே ஒரு நிமிஷம் வந்த வேலையை மறந்து நின்றார்.

"அழகா இருக்கு சால்மே" என்றார் மனதார.

"ம்."

"மணிப்பூ எந்த மாசத்துல பூக்கும்?"

"ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் பூக்கும்."

இது உதவவில்லை. ஆர்வெட் தொண்டையைச் செருமினார். "இல்ல, நம்ம கல்யாணத்தப்போ ரொம்ப வெயில். தேதிகூட... என்ன தேதி அது... நாக்கு நுனியில இருக்கு..."

"இருபத்தியாறு."

ஆர்வெட்டுக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. "ஆமா, ஆமா, இருபத்தியாறு! மாசம்?"

"இருபத்தியேழு."

"ஏன் சால்மே, இருபத்தியாறா, இருபத்தியேழா?"

"இருபத்தியெட்டு... இருபத்தொன்பது... யோவ்! கண்ணி எண்ணிக்கிட்டிருக்கேன்ல! வரிசை பூரா போச்சு! எந்திரிச்சுப் போய்யா அந்தப் பக்கம்!"

வரிசையைப் பிரித்த குற்றத்துக்கு அன்று ராத்திரி வெள்ளரிக்காயும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆர்வெட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதிர்ஷ்டம் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சால்மே பின்னிக்கொண்டிருந்தவள் "ச்சே!" என்று சொல்லித் தன் மோதிரத்தைக் கழற்றினாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அதைக் கழற்றி அவர் பார்த்தது சால்வை நுழைக்கிற அந்த ஒரு நாளில்தான்.

"என்னாச்சு?"

"மோதிரத்துல நூல் மாட்டுது. இந்த லேஸ் ஓரம் முடியிற வரைக்கும் போட மாட்டேன். இந்தா, இந்த ஜன்னல் தட்டுல வைக்கிறேன். இன்னிக்குப் பூரா விர்வே வீட்லதான் இருப்பேன். ஓரத்தைத் தனியாத்தானே பின்றோம், அதை நடுப்பகுதியோட வச்சுத் தைக்கணும், அவ வீட்லதான் பெரிய மேஜை இருக்கு. வர சாயங்காலம் ஏழு மணி ஆகும். ஏழு மணி. கேட்டுச்சா? தட்டைத் தொடாதே."

"நான் ஏன் தொடறேன்?"

"அதான் சொன்னேன்."

கதவு சாத்தியதும் ஆர்வெட் தட்டைத் தொட்டார். மோதிரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எல்லாம் எறும்பு ஊர்வதாகத் தெரிந்தது. கண்ணாடியைத் தேடப் பொறுமை இல்லை. எதற்குத் தேட வேண்டும்? அசலே கையில் இருக்கும்போது நகல் எடுப்பதுதானே புத்திசாலித்தனம்! சோப்பைப் போட்டுத் தன் மோதிரத்தைக் கழற்றினார். ரெண்டு மாச வெள்ளரிக்காயின் புண்ணியத்தில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. பத்து மணி பஸ்ஸில் ஏறினார்.

உள்ளூர்ப் பொற்கொல்லரிடம் போனால் சாயங்காலத்துக்குள் ஊரே பேசும். தாலினில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை. ஒரு இளம்பெண் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்வெட் இரண்டு மோதிரத்தையும் வைத்தார்.

"இதுல இருக்கிறது அப்படியே அதுல வரணும்."

அவள் சின்ன மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு பெரிய மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்படியேவா?"

"அப்படியே. எழுத்துக்கு எழுத்து. புள்ளிக்குப் புள்ளி."

"பேருமா?"

"என்னம்மா நீ! பேர்தானே முக்கியம்! அதே பேரு, அதே தேதி, அதே மாதிரி சாய்ச்சு எழுதின எழுத்து. பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியக் கூடாது."

"இன்னொரு தடவை யோசிச்சு..."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். யோசிக்காம வண்டியை எடுக்க மாட்டேன்."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஆர்வெட் ஒரு கண்ணால் இதைப் பார்த்தார், மறு கண்ணால் அதைப் பார்த்தார். அச்சு அசல்! ஒரு புள்ளி பிசகவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்து முனையில் ஒரு பெரிய இறைச்சி ரொட்டியை வாங்கி நின்ற இடத்திலேயே தின்றார். ஏழு மணிக்கு சால்மே வந்தபோது அவள் மோதிரம் தட்டில், அவர் மோதிரம் விரலில், அவர் நாற்காலியில், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"இன்னிக்கு என்னய்யா பண்ணினே?"

"சும்மாதான் இருந்தேன்."

"மூஞ்சியில கடுகு ஒட்டியிருக்கு."

"வெள்ளரிக்காய்க்குக் கடுகு வச்சுத் தின்னேன்."

"ஓஹோ" என்றாள் சால்மே. தன் மோதிரத்தை எடுத்து ஒரு தரம் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் ஆர்வெட் விரலை நீட்டினார். "சால்மே, இழு பாப்போம்." இழுத்தாள். வந்துவிட்டது. "பாத்தியா, நீ சொன்ன வைத்தியம் பலிச்சிடுச்சு!" என்று கூத்தாடினார். அவள் உள்ளே பார்க்கப் போகிறாள் என்று காத்து நின்றார். ஆனால் அவள் பார்க்கவே இல்லை. "போட்டுக்கோய்யா, அன்னிக்கு மேடையிலயே கழட்டிக் கொடு, அதுதான் அழகு" என்று சொல்லிவிட்டுச் சால்வையைத் துவைத்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தப் போய்விட்டாள். இருந்தாலும் அன்று மத்தியானமும் வெள்ளரிக்காய்தான் வந்தது. "மறுபடி பெருத்துடக் கூடாது பாரு" என்றாள்.

லேஸ் திருநாள் வந்தது. கோட்டை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. காற்றில் சால்வைகள் ஆடிக்கொண்டிருந்தன. சால்மே தன் சால்வையை மேடையில் விரித்ததும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பிற்று. வெள்ளை மணிப்பூக்கள், பூவுக்குப் பூ மொட்டு, சுற்றிலும் இலை இலையாக லேஸ் ஓரம். பின்னால் நின்ற விர்வேயின் நீலச் சட்டை சால்வை வழியாகத் தெரிந்தது. கால்யு "பின்னிட்டாய்யா!" என்று கத்தினார். "பின்ற இடத்துல பின்னாம வேற என்ன பண்ணுவாங்க" என்று அவர் பெண்டாட்டி அடக்கினாள்.

"மோதிரம்" என்றாள் விர்வே.

ஆர்வெட் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். விரலை உயர்த்தி, மோதிரத்தைக் கழற்றி, விர்வேயின் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார். இனிமேல் திருகை யார் தொட முடியும்? டிசம்பர் வரட்டும்!

விர்வே கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினாள். ஒலிபெருக்கியில் பேசினாள்.

"படிக்கிறேன். 'ஆர்வெட். 19.08.1989.'"

அப்படிப் படித்தவள் மறுபடி ஒருமுறை உள்ளே பார்த்தாள். வகுப்பில் தப்பான விடையைக் கண்ட முகம்.

"ஆர்வெட், இது யார் மோதிரம்?"

"என்னுது!"

"இதுல ஆர்வெட்னு போட்டிருக்கு."

"என் மோதிரத்துல என் பேரு இல்லாம உன் பேரா இருக்கும்?" என்றார் ஆர்வெட் பெருமையோடு.

முதலில் கால்யுவின் பெண்டாட்டி சிரித்தாள். அப்புறம் முன்வரிசை. அப்புறம் கோட்டைச் சுவரே சிரித்தது. ஆர்வெட் கூட்டத்தைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்காக. பிறகு சால்மேயைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அப்போதுதான் அவர் மண்டைக்குள் அது மெதுவாக வந்து நின்றது. புருஷன் மோதிரத்தில் பெண்டாட்டி பெயர். பெண்டாட்டி மோதிரத்தில்... ஐயையோ.

"சட்டப்படி பாத்தா" என்றாள் விர்வே ஒலிபெருக்கியில், "இந்த ஆளு தன்னையே கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்காரு. இந்த மோதிரம் செல்லாது."

"அப்ப என் சால்வை?" என்று ஆர்வெட் பதறிக் கேட்டார். அந்தப் பதற்றம் நிஜம். ரெண்டு மாசம் சால்மே கண்ணைக் கொடுத்துப் பின்னியது தன்னால் வீணாகப் போகிறதே!

"உன் சால்வையா?" என்றாள் சால்மே. தன் விரலிலிருந்து சின்ன மோதிரத்தைக் கழற்றி விர்வேயிடம் கொடுத்தாள். விர்வே படித்தாள், அதே பெயர், அதே தேதி, இந்தத் தடவை சரியான விரலிலிருந்து. சால்மே ஒரு மூலையை உள்ளே விட்டாள், இழுத்தாள். பூவும் மொட்டும் லேஸ் ஓரமும் ஒன்றுகூடச் சிக்காமல் மறுபக்கம் இறங்கிக் குவிந்தது. பெரிய மோதிரம் எந்த ஜென்மத்திலும் தேவைப்பட்டிருக்காது என்று ஆர்வெட்டுக்கே தெரிந்துபோயிற்று. முதல் பரிசு என்று விர்வே அறிவித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு சால்மே கோட்டைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆர்வெட் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கையுறை போட்டுக்கிட்டு சூப் குடிச்சே பாரு, அப்பவே."

"அப்பவேவா! அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்யா. இன்னிக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு நாலு வருஷம் பாத்தேன். அதுக்குத்தான் உன் மோதிரம் வேணும்னேன். அதுக்கும் வாயைத் திறக்கல. வெள்ளரிக்காய் போட்டேன். அதுக்கும் திறக்கல. எந்த அளவுக்குப் போவே பாக்கலாம்னு தட்டுல மோதிரத்தை வச்சேன். தேதியைத் திருடிக்குவேன்னு நினைச்சேன். பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவேன்னு சத்தியமா நினைக்கல." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "மோதிரம் போனா போகுது. அந்தத் துளைக்குள்ள நீ போயிருந்தா? அதை நினைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

ஆர்வெட் பெஞ்சில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "தப்புதான் சால்மே. பயந்துட்டேன். இனிமே மார்ச்சுல அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டியது இல்ல. திருகையும் பெட்டியையும் காலைலயே கால்யுகிட்டக் கொடுத்துட்டேன்."

"கால்யுகிட்டயா!" ஆர்வெட் எழுந்தே விட்டார். "அவனும்தானே அன்னிக்கு என்கூட வந்தான்!"

"வந்தான். ஆனா அன்னிக்கே போய் அவன் பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லிட்டான்."

ஆர்வெட் மறுபடி உட்கார்ந்தார். காற்றில் எங்கிருந்தோ வறுத்த இறைச்சியின் வாசனை வந்தது. ரெண்டு மாசத்து வயிறு ஒரு பெரிய சத்தம் போட்டது.

"சரி விடு" என்றார். "எல்லாந்தான் முடிஞ்சு போச்சே. வா, வீட்டுக்குப் போலாம். இன்னிக்காவது ஒரு உருளைக்கிழங்கு..."

"நான் வரலய்யா. ஜெயிச்சவங்களுக்கு விர்வே வீட்ல விருந்து." சால்மே சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எனக்கு யாரு சமைக்கிறது?"

"உனக்கென்னய்யா கவலை?" என்றாள் சால்மே. "வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி ஆர்வெட் ஏதாவது ஆக்கி வைப்பா."